கிளா கிரிப்புக்கு எந்த மவுஸ்? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு ஒப்பீடு

கிளா கிரிப்பில், அதாவது விரல்களை வளைந்த நகம் போல மடக்கி, பிடிப்பவர்கள் கேமிங் மவுஸ் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் பின்பகுதியை. எடை, சென்சார், டிபிஐ (மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் கர்சர் எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு), வண்ண விளக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான். மவுஸின் முதுகு எந்த இடத்தில் உயர்கிறது, எப்படிச் சரிகிறது, வால், அதாவது பின்முனை, எவ்வளவு அகலம் என்பதை எந்த டப்பாவும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. இரண்டு மணி நேரம் ஆடிய பிறகு கை வலிக்குமா வலிக்காதா என்பதைப் பெரும்பாலும் அந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

காரணம் பிடிக்கும் விதத்திலேயே இருக்கிறது. பாம் கிரிப்பில் உள்ளங்கை முழுக்க மவுஸ் மேல் படிந்திருக்கும், விரல்களும் நீட்டிக் கிடக்கும். ஃபிங்கர்டிப் கிரிப்பில் உள்ளங்கை மவுஸைத் தொடவே தொடாது. கிளா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மவுஸின் வாலில் ஊன்றியிருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கி, நுனி கிட்டத்தட்ட செங்குத்தாகப் பட்டன் மேல் இறங்கும். பெரிய அசைவுகளை மணிக்கட்டும் முழங்கையும் பார்த்துக்கொள்ள, சின்னத் திருத்தங்களை விரல்கள் செய்யும். வேலோரண்டிலோ கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இலோ துப்பாக்கி உதைத்து மேலே ஏறும்போது, விரலை இன்னும் கொஞ்சம் மடக்கி மவுஸை உள்ளங்கைப் பக்கம் இழுத்து அடக்குகிறோமே, கிளா கிரிப்பின் பலமே அந்த இழுப்புதான்.

அந்த இழுப்புக்கு உள்ளங்கைக்குள் கொஞ்சம் காலி இடம் வேண்டும். மவுஸ் நீளமாக இருந்தால் அந்த இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். விரல்கள் தாமாக நீண்டு, நமக்கே தெரியாமல் பாம் கிரிப்புக்குப் போய்விடுவோம். குட்டையாக இருந்தால் ஊன்ற இடமே இல்லை. மவுஸைப் பிடித்து நிறுத்துகிற வேலை முழுவதும் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் வந்துசேரும். கட்டைவிரலின் அடிச்சதையில் இறுக்கம் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே முதலில் கையை அளந்துவிடுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் முதல் மடிப்பு வரை ஸ்கேலை வைத்தால் கையின் நீளம் கிடைக்கும். பொதுவாக 17 செ.மீ.க்குக் கீழே சின்னக் கை, 17 முதல் 19.5 வரை நடுத்தரம், 19.5-ஐத் தாண்டினால் பெரிய கை. கிளா கிரிப்புக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, மவுஸின் நீளம் கையின் நீளத்தில் 65 சதவீதத்தைச் சுற்றி இருக்க வேண்டும் என்பது. 18 செ.மீ. கைக்கு 117 மி.மீ. வருகிறது, 19.5 செ.மீ. கைக்கு 127 மி.மீ. வருகிறது. ஐந்து மி.மீ. முன்னே பின்னே இருந்தால் கை பழகிக்கொள்ளும். பத்து மி.மீ. வித்தியாசத்துக்குப் பழகாது, பிடிதான் மாறிப்போகும்.

என் அக்கா மகன் மவுஸ் வாங்க வேண்டும் என்று வந்தபோது, "எல்லாரும் சூப்பர்லைட்டுதான் சொல்றாங்க மாமா" என்றான். "மொதல்ல கையக் காட்டுடா" என்று ஸ்கேலை எடுத்தேன். 17.5 செ.மீ. இருந்தது. வேளச்சேரியில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கு 20 செ.மீ.க்கு மேல். இரண்டு பேரும் கிளா கிரிப்தான், இரண்டு பேரும் ஆடுவது ஒரே ஆட்டம். ஆனால் இருவருக்கும் ஒரே மவுஸைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. கீழே இருக்கும் ஒப்பீட்டை இந்த இரண்டு கைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். நீங்கள் இவர்களில் யாருக்குப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லாஜிடெக் ஜி102, ஜி305

இரண்டுக்கும் ஒரே உடம்பு: நீளம் 116.6 மி.மீ., அகலம் 62 மி.மீ., உயரம் 38 மி.மீ. ஜி102 வயர் வைத்தது, 85 கிராம். பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஜி305 வயர்லெஸ், ஒரு ஏஏ பேட்டரியோடு 99 கிராம், விலை ஆயிரம் ரூபாய் போலக் கூட.

முட்டை மாதிரி உருண்ட முதுகு, தாழ்ந்த முன்பகுதி. 17, 18 செ.மீ. கைக்கு இந்த வடிவம் கிளா கிரிப்பில் அழகாக உட்காரும். உள்ளங்கையின் அடிப்பகுதி வாலில் பதியும், விரல் மடங்க இடமும் மிஞ்சும். முதன்முதலாகக் கிளா கிரிப்புக்கு மாறுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஜி102-தான். வடிவம் தனக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. என் நண்பரின் 20 செ.மீ. கையில் இதே மவுஸ் காணாமல் போய்விடுகிறது. உள்ளங்கை வாலைத் தாண்டி மவுஸ்பேடில் விழுகிறது.

ஜி305-ஐ இன்னும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். எடை கூடியது மட்டும் பிரச்சினை இல்லை, கூடிய எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பேட்டரி முதுகு மூடிக்கு அடியில், பின்பக்கம் தள்ளி இருக்கிறது. கிளா கிரிப்பில் மவுஸைத் தூக்கி வைப்பது விரல் நுனிகள். பிடிக்கும் இடம் முன்னால், கனம் பின்னால் என்றால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் வால் தொங்கும். டிபிஐ குறைவாக வைத்து, அடிக்கடி மவுஸைத் தூக்கி நகர்த்துகிறவர்களுக்கு இது கையில் தெரியும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. சாதாரண ஆல்கலைன் ஏஏ பேட்டரி சுமார் 23 கிராம் இருக்கும், லித்தியம் ஏஏ 15 கிராம்தான். ஏஏஏ அளவு லித்தியம் பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் அடாப்டரில் போட்டு வைத்தால் இன்னும் குறையும். பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். ஏஏ பேட்டரியில் 250 மணி நேரம் வரை ஓடுகிற மவுஸ் என்பதால் அந்த இழப்பு பெரிதில்லை. அக்கா மகன் கடைசியில் எடுத்தது இந்த ஏற்பாட்டைத்தான். அவன் பட்ஜெட்டுக்கும் கைக்கும் இதைவிடச் சரியாக எதுவும் அமையாது என்று இன்றும் நினைக்கிறேன்.

லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 2

2020-இல் வந்த முதல் சூப்பர்லைட் 63 கிராம். 2023-இல் வந்த இரண்டாவது 60 கிராம், யூஎஸ்பி-சி சார்ஜிங். வடிவத்தில் கை வைக்கவில்லை: 125 மி.மீ. நீளம், 63.5 அகலம், 40 உயரம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் மேசையில் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் 'எல்லாரும்' இதையே சொல்கிறார்கள்.

நல்ல மவுஸ், சந்தேகமே இல்லை. ஆனால் கிளா கிரிப்புக்கென்று செதுக்கியதில்லை. திமில், அதாவது முதுகின் உயர்ந்த மேடு, நடுவில் இருக்கிறது, பக்கங்கள் உருண்டு உள்ளே போகின்றன. யார் பிடித்தாலும், எப்படிப் பிடித்தாலும் உறுத்தாத வடிவம் அது. கிளா கிரிப்பில் நமக்குத் தேவைப்படுவதோ உள்ளங்கையைக் குறிப்பிட்ட ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற வடிவம். 18.5 முதல் 19.5 செ.மீ. கைக்கு, விரலை ரொம்ப மடக்காத தளர்வான கிளாவுக்கு, இது நன்றாகப் பொருந்தும். விரலைச் செங்குத்தாக நிறுத்துகிற இறுக்கமான கிளாவுக்கு, 17.5 செ.மீ. கைக்கு, பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அக்கா மகன் கையில் வைத்துப் பார்த்தபோது விரல்கள் நீண்டுதான் கிடந்தன.

ரேசர் வைப்பர் வி3 ப்ரோ

நண்பருக்கு நான் சொன்னது இது. 2024-இல் வந்தது, 127 மி.மீ. நீளம், கிட்டத்தட்ட 64 அகலம், 40 உயரம், எடை 54 கிராம். முந்தைய வைப்பர் வி2 ப்ரோவும் ஏறக்குறைய இதே நீளம்தான். ஆனால் உயரம் 37.8 மி.மீ., முதுகு தட்டையானது. அந்த இரண்டு மி.மீ. உயரம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. கிளா கிரிப்பில் உள்ளங்கை தொடும் இடமே அதுதான் என்பதால் பிடித்தவுடன் தெரிகிறது. வி2 ப்ரோவில் ஊன்றும் இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது, வி3 ப்ரோவில் அது தானாகக் கையை வந்து தொடுகிறது. பின்பகுதியும் நன்றாக அகன்றிருப்பதால் பெரிய கை பக்கவாட்டில் ஆடாது.

இதன் பட்டன்களையும் சொல்ல வேண்டும். விரலை மடக்கும்போது நுனி பட்டனின் முன்விளிம்பில் விழாது, பின்னால் தள்ளி, சக்கரத்துக்குப் பக்கத்திலோ அதற்கும் பின்னாலோ விழும். கதவைக் கைப்பிடியில் தள்ளுவதற்கும் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு: பட்டன் பின்னால்தான் உடம்போடு இணைந்திருக்கிறது, அந்த இணைப்பை நெருங்க நெருங்க அழுத்துவது கனக்கும். எனவே எந்த மவுஸாக இருந்தாலும், கடையில் பட்டனின் நுனியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் விரல் உண்மையில் விழும் இடத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே கிளிக் இறுகினால் ஒரு மாலை முழுக்க ஆட விரல் ஒத்துழைக்காது.

எண்ட்கேம் கியர் எக்ஸ்எம்1, ஓபி1

இந்த ஜெர்மன் நிறுவனத்தின் பெயர் நம்மூர்க் கடைகளில் அதிகம் காதில் விழாது. ஆனால் கிளா கிரிப்பை மையத்தில் வைத்து மவுஸ் செய்தவர்கள் என்று சொன்னால் இவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எக்ஸ்எம்1 வரிசை 122 மி.மீ. நீளமும் கிட்டத்தட்ட 66 மி.மீ. அகலமும் கொண்டது. வால் அகன்று, உள்ளங்கையின் இரண்டு பக்க மேடுகளையும் தாங்கிக்கொள்ளும். ஓபி1 அதைவிடச் சின்னது: 118 மி.மீ. நீளம், 60.5 அகலம், 37 உயரம், எடை 60 கிராமுக்குள். 17.5 முதல் 18.5 செ.மீ. கைக்கு, இறுக்கமான கிளாவுக்கு, வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் ஓபி1 பக்கம்தான்.

ஆனால் வடிவம் மட்டும் போதாது. ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கும், கையில் பிடித்துப் பார்க்க முடியாது, பழுதானால் வாரண்டிக்கு யாரிடம் போவது என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சிரமத்துக்குத் தயாரானவர்களுக்கு மட்டும்.

மற்றவை சுருக்கமாக. கொரிய நிறுவனமான பல்சாரின் எக்ஸ்2எச் திமிலைப் பின்னால் தூக்கி வைத்தது, கிளாவுக்கு நல்ல வடிவம், ஓபி1-க்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஹைப்பர்எக்ஸ் பல்ஸ்ஃபயர் ஹேஸ்ட் 59 கிராம், விலைக்கு நல்ல பொருள், ஆனால் 124 மி.மீ. நீளத்துக்கு முதுகு தட்டை. ரேசர் டெத்ஆடர் வி3 வலது கைக்கென்றே சாய்த்துச் செய்தது, 128 மி.மீ. நீளம், 44 உயரம். 20 செ.மீ. கையோடு தளர்வான கிளா பிடிப்பவர்களில் சிலருக்கு வைப்பரை விட இது பிடித்துப்போகும். 19-க்குக் கீழே இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இடது கைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்கிறது என்பதற்காகப் பக்கவாட்டுப் பட்டன் இரண்டு பக்கமும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சூப்பர்லைட்டிலும் வைப்பர் வி3 ப்ரோவிலும் பட்டன்கள் இடப்பக்கம் மட்டும்தான், அதாவது வலது கைக் கட்டைவிரலுக்கு. 2018-இல் வந்த ஜி ப்ரோ வயர்லெஸ், 2019-இல் வந்த முதல் வைப்பர் ஆகியவற்றில் இரண்டு பக்கமும் உண்டு. பழைய மாடல்தான் என்றாலும் அவர்களுக்கு இன்னும் அவைதான் சரி.

சென்னை வெயிலில் மவுஸ்

வெளிநாட்டு விமர்சனங்களைப் பார்த்து வாங்கும் நாம் இந்த விஷயத்தில்தான் தனித்து யோசிக்க வேண்டும். அவர்கள் காய்ந்த கையோடு, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். கத்திரி வெயில் நாளில் மாடி வீட்டு அறையில், ஏசி இல்லாமல், கம்ப்யூட்டர் தன் பங்குக்கு வெப்பம் கக்க ஆடுகிறவர் கை எப்படி இருக்கும் என்பது அந்த விமர்சனங்களில் வராது. கடல் காற்று வந்தால் உடம்புக்குச் சுகம், ஆனால் அதோடு ஈரமும் வரும்.

கிளா கிரிப்பில் மவுஸைத் தொடும் தோலின் பரப்பு குறைவு. பட்டன் மேல் இருக்கும் இரண்டு விரல் நுனிகள், கட்டைவிரல் நுனி, மோதிர விரலும் சுண்டுவிரலும், உள்ளங்கையின் அடி, அவ்வளவுதான். அந்தச் சின்னப் பரப்பு வியர்த்து வழுக்கினால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் முன்னங்கை வரை வலி ஏறும். வழுக்கலுக்கு நல்ல மருந்து கிரிப் டேப். சூப்பர்லைட் 2 டப்பாவிலேயே ஒரு ஜோடி வரும், மற்ற மாடல்களுக்கு அளவுக்கு வெட்டியது ஆன்லைனில் கிடைக்கும். பக்கவாட்டில் மட்டும் ஒட்டினால் போதும். பட்டன் மேல் ஒட்டுவது அவரவர் விருப்பம். உள்ளங்கை ஊன்றும் வாலில் ஒட்டாதீர்கள், விரல் மடக்கி இழுக்கும்போது அந்த இடம் கொஞ்சம் நழுவத்தான் வேண்டும்.

உடம்பெல்லாம் தேன்கூடு போல ஓட்டை வைத்த மவுஸ்கள் 2019-ஐ ஒட்டிப் பிரபலமாயின. குளோரியஸ் மாடல் ஓ அவற்றில் பெயர் பெற்றது, 67 கிராம். ஓட்டையே இல்லாமல் 54 கிராமுக்கு மவுஸ் வந்துவிட்ட இந்தக் காலத்தில், நம்மூர்த் தூசியையும் வியர்வையையும் சர்க்யூட் போர்டு வரை அனுப்பிவைக்கும் வடிவத்தை வாங்கக் காரணம் எதுவும் தெரியவில்லை.

சுவிட்ச்சிலும் ஈரத்துக்கு வேலை உண்டு. மெக்கானிக்கல் சுவிட்ச்சில் உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் கிளிக் பதிவாகும். அந்தத் தொடுமுனை தேய்ந்தோ ஆக்சைடு படிந்தோ போனால் ஒரு தடவை அழுத்தினால் இரண்டு கிளிக் விழ ஆரம்பிக்கும். ஆப்டிகல் சுவிட்ச்சில் ஒளிக்கதிரை மறைப்பதும் விடுவதும்தான் கிளிக், இந்தத் தொல்லை வராது. வைப்பர் வி3 ப்ரோவில் இருப்பது ஆப்டிகல். சூப்பர்லைட் 2-இல் ஒளியும் மெக்கானிக்கல் உணர்வும் கலந்த சுவிட்ச். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் இரண்டு மவுஸுக்கு நடுவில் ஊசலாடினால் ஆப்டிகல் பக்கம் சாயலாம்.

துணி மவுஸ்பேடும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் மவுஸ் திடீரென்று கனத்துப்போன மாதிரி இருந்தால் சந்தேகத்தை முதலில் பேட் மேல் வையுங்கள். துவைத்து நன்றாகக் காயவிட்டாலே பாதி சரியாகிவிடும்.

எண்களை எவ்வளவு நம்பலாம்

சென்சாரைப் பற்றி ஒரே வரிதான்: மேலே சொன்ன எந்த மவுஸின் சென்சாரும் உங்கள் ஆட்டத்தைக் கெடுக்காது. 30,000 டிபிஐ என்ற எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம், பெரும்பாலான ஷூட்டர் ஆட்டக்காரர்கள் 400-க்கும் 1600-க்கும் நடுவில்தான் வைக்கிறார்கள்.

போலிங் ரேட்டும் அப்படியே. 1000 ஹெர்ட்ஸில் மவுஸ் ஒரு மில்லி செகண்டுக்கு ஒருமுறை தன் இடத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. 8000 ஹெர்ட்ஸில் 0.125 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. மிச்சமாவது ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. சென்னையிலிருந்து மும்பை சர்வருக்குப் போய்த் திரும்பவே பல பத்து மில்லி செகண்டுகள் ஆகின்றன. அதே சமயம் வைப்பர் வி3 ப்ரோவின் பேட்டரி 1000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரம் வரை ஓடும், 8000-இல் 17 மணி நேரம் வரைதான். 1000-இலேயே விடுங்கள்.

எடை விஷயம் வேறு. அதற்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு, ஆனால் ஓர் அளவு வரைதான். 99 கிராமிலிருந்து 60-க்கு வந்தால் முதல் நாளே கை உணரும். 60-இலிருந்து 50-க்கு இறங்குவதற்காக வடிவத்தை விட்டுக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வாங்கும் இடம்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை பேசலாம், பல கடை ஏறி இறங்கலாம், ஆனால் சீல் உடைக்காத டப்பாவைப் பிரித்துக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பார்கள். காட்சிக்கு வைத்த டெமோ பீஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நின்றபடி பிடித்துப் பார்க்காதீர்கள். கவுண்டர் நெஞ்சு உயரத்தில் இருக்கும், மணிக்கட்டு வீட்டில் வைக்கும் கோணத்தில் இருக்காது. ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து, முழங்கையைத் தாங்கலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மவுஸைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். உள்ளங்கை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தால் அந்த வடிவம் உங்களுக்கானது.

இதைவிடவும் நல்ல வழி, பக்கத்துக் கேமிங் கஃபேயில் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டி அங்கிருக்கும் மவுஸில் ஆடிப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தில் எல்லா மவுஸும் நன்றாகத்தான் இருக்கும். நாற்பதாவது நிமிடத்தில் கட்டைவிரல் எங்கே போய் நிற்கிறது, சுண்டுவிரல் பேடில் உரசுகிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டு மேசையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாப்பாட்டு மேசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறவர் முழங்கை பெரும்பாலும் மேசைக்குக் கீழே தொங்கும், மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். கிளா கிரிப்பில் ஏற்கெனவே விரல்கள் மடங்கியிருப்பதால் இந்தக் கோணம் தசைநாண்களை இரட்டிப்பாகச் சோதிக்கும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு முழங்கையை மேசை மட்டத்துக்கு உயர்த்தினாலே பல பேருக்குப் புது மவுஸ் தேவைப்படாமல் போகலாம். விரல் மரத்துப்போவதோ இரவில் ஊசி குத்துவது போல இருப்பதோ தொடர்ந்தால் மவுஸை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால், பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா அல்லது பழுது இருந்தால் மட்டும் மாற்றித் தருவார்களா என்பதை ஆர்டர் போடும் முன்பே படித்துவிடுங்கள், இந்த இரண்டும் வேறு வேறு. டாங்கிளையும் (கம்ப்யூட்டரில் செருகும் வயர்லெஸ் ரிசீவர்) டப்பாவையும் பத்திரமாக வையுங்கள். கடையில் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் மாடல் பெயரோடு சீரியல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள், ஒரு வருடம் கழித்து வாரண்டிக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.